கோஸ் அறுப்பு

முட்டைக்கோஸ் ஒன்று வெடித்துவிட்டது.

ராத்திரி பெய்த தை மழையைக் குடித்து உப்பி, உச்சியில் வாய் பிளந்து நின்றது. ரெங்கம்மாள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

பன்னிரண்டில் ஒன்று போயிற்று. மீதி பதினொன்றும் இன்றோ நாளையோ இப்படித்தான் ஆகும்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார், அமுங்கவில்லை என்றால் அறுத்துவிடு என்று ஒரத்தநாட்டு விதைக்கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான்கு நாளாகக் காலையில் எழுந்ததும் வந்து அழுத்தினாள். நான்கு நாளும் கருங்கல் மாதிரி இருந்தது. அழுத்திவிட்டு, இலையில் உட்கார்ந்த பூச்சியைத் தட்டிவிட்டு, உள்ளே போய்விடுவாள்.

நெல் விளைகிற மண்ணில் கோஸ் வருமா என்று சிரித்த தெரு, இப்போது ஆளுக்கொன்று பேசி வைத்திருந்தது. முதலில் பேசி வைத்த நூர்ஜஹான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ அக்கா, வெடிச்சிடுச்சே! மத்ததையாவது அறுங்க.”

“மழ விடட்டும்” என்றாள் ரெங்கம்மாள்.

மழை விட்டு வெயிலே வந்திருந்தது.

புருஷன் காத்தான் கதிர் அரிவாளைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தான். அதையும் வாங்கிக்கொண்டு சும்மாவே நின்றாள்.

“யாரு வந்து சொல்லணும்னு நிக்கிற?”

கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் ரெங்கம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். அட, அதுதானே!

பாவாடை கட்டிய வயதிலிருந்து அறுப்புக்குப் போனவள் அவள். ஒரு நெல்லைக் கடித்தே பதம் சொல்லிவிடுவாள். ஆனால் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தாலும், பண்ணையின் காரியக்காரர் வரப்பில் வந்து நின்று “எறங்கலாம்” என்ற பிறகுதான் வயலில் கால் வைக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம். இந்த நான்கு நாளும் அவள் காது அந்தக் குரலுக்குத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இங்கே எந்தக் காரியக்காரரும் வரப்போவதில்லை. மகன் புகழேந்தி சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்து வாங்கிய பத்துக் குழி நிலம் இது. ஆவணியில் பத்திரம் பதிந்தபோது, அம்மா பேரில்தான் எழுத வேண்டும் என்று அங்கிருந்தே போன் போட்டு அடம்பிடித்துவிட்டான்.

ரெங்கம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஓரத்து வரப்பில் ஏறி நின்றாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“எறங்கலாம்!”

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். காத்தான் திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போனான்.

பிறகு தானே இறங்கிக் குனிந்து, முதல் தண்டில் அரிவாளை வைத்தாள்.