அந்தமான் ஆமைகள்

“அந்தமான்ல ஆமை கரையேறி முட்டையிடுமாம். நானும் இவளும் பாக்கப் போறோம்” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார் வேங்கடபதி.

“கப்பல்ல தின்ன இம்புட்டு முறுக்கா மதினி?” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு முத்துமணி. வேங்கடபதியின் மனைவி சௌடேஸ்வரி முறுக்கு டின்னை மூடினாள்.

மெட்ராசிலிருக்கும் மகனிடமிருந்து தெருமுனை ஜவுளிக்கடை போனுக்கு டிரங்க் கால் வந்தது. பேசிவிட்டு வந்த வேங்கடபதி, பெட்டியில் வைத்திருந்த வேட்டிகளை வெளியே எடுத்தார்.

“துறைமுகத்துக்குப் பக்கத்துலயே நமக்கு லாட்ஜுல ரூம் போட்டுட்டானாம்.”

சௌடேஸ்வரி டின்னை முத்துமணியிடம் நீட்டினாள். “ஒம் பிள்ளைகளுக்குக் குடு.”

“நல்லதுதானண்ணே? லாட்ஜுல தங்கி, கப்பலேறிப் போயி ஆமையப் பாருங்க.”

“ஆமைய யாரு கேட்டா? கப்பல் மெட்ராஸ்லருந்துதான கெளம்புது. ஒரு ராத்திரி மகன் வீட்டுல தங்கி, பேரனப் பாக்கலாம்னு நெனச்சோம். கூப்பிடாத வீட்டுக்குப் போக ஒரு சாக்கு வேணும்ல, தங்கச்சி.”