கடிச்சா சத்தம் வரணும்

“மாமா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!”

குளித்துவிட்டு ஈரத் தலையோடு சமையலறைக்குள் நுழைந்த மருமகள் போட்ட கூச்சலில், அடுப்படியில் நின்றிருந்த மாமனார் கரண்டியை நழுவவிட்டார்.

பின்னே கத்தமாட்டாளா? காலையிலிருந்து ஒற்றை ஆளாக மெனக்கெட்டுச் செய்த ஆரஞ்சு சிக்கன். கோழித்துண்டுகளைச் சோளமாவில் புரட்டி, ஒரு தடவை பொரித்து, ஆறவிட்டு, மறுபடியும் பொரித்துத் தட்டில் பரப்பி வைத்திருந்தாள். ஆரஞ்சுச் சாறு, சோயா சாஸ், வினிகர், சர்க்கரை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த சாஸ் தனியாக வாணலியில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். அந்த மொறுமொறுப்புக்காகத்தானே இத்தனை பாடு!

மனுஷர் சிக்கனை எடுத்து சாஸில் கொட்டி, போதாக்குறைக்கு மூடியும் போட்டுக் கொதிக்கவிட்டிருந்தார்.

மூடியைத் திறந்து பார்த்தாள். எல்லாம் ஊறிப்போய்த் தொளதொளவென்று கிடந்தன.

“பல்செட்டு வெச்சவன்மா நான். எனக்குக் கடிக்க முடியாதே. கொஞ்சம் ஊறினா மெத்துனு இருக்குமேன்னு…” என்று இழுத்தார் மாமனார்.

“அதுக்கு உங்களுக்கு மட்டும் நாலு துண்டு தனியா ஊறப்போட்டிருக்கலாமே மாமா!”

“தோணலைம்மா.”

தோணலையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கென்று பார்த்தா இப்படிச் செய்ய வேண்டும்? அவளுடைய அப்பா முதன்முதலாக இந்த வீட்டுக்கு வருகிறார். அவள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதில், ஒரு வருஷமாக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷர். லாரி ஓட்டினவர். சோடா மூடியைப் பல்லாலேயே திறப்பார். கோழி என்றால், “கடிச்சா பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேக்கணும்” என்பார்.

நேற்று போனில்கூட அவர் சரியாகப் பேசவில்லை.

“சாப்பாடெல்லாம் வேண்டாம்மா. சும்மா பார்த்துட்டுப் போயிடறேன். ஒரு டீ போதும்.”

வார்த்தைகளை மென்று விழுங்கினார். இன்னும் கோபம் தீரவில்லை, இந்த வீட்டில் கை நனைக்க மாட்டார் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமனார்தான் போனை வாங்கினார்.

“அதெல்லாம் நடக்காது சம்பந்தி. சாப்பிட்டுத்தான் போகணும். நான் பார்த்துக்கறேன்.”

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்!

வாசலில் அழைப்பு மணி அடித்தது.

அப்பா வந்தார். வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். “சளிம்மா” என்றார். மகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் பயந்துகொண்டே பரிமாறினாள். தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒரு துண்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். கைக்குட்டை மறைவிலேயே பிய்த்து வாயில் போட்டார். அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் தட்டை நீட்டினார்.

“இன்னும் ரெண்டு வைம்மா.”

அவளால் நம்பவே முடியவில்லை. மூன்றாவது முறையும் வாங்கி, சாஸை வழித்துச் சாப்பிட்டார் மனுஷர்!

மாமனார் தன் பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டார். “ஒரு தடவை ஆபீஸ்ல தும்மினேன் சம்பந்தி. பல்செட்டு பறந்து போய் மேனேஜர் டீயிலயே விழுந்துடுச்சு!”

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கைக்குட்டை நழுவியது.

“அப்பா! பல்லெல்லாம் எங்கே?”

அசடு வழிந்தார் அப்பா. “எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்கம்மா. செட்டு இன்னும் வரலை. முதல்முதலா சம்பந்தி வீட்டுக்கு வர்றேன், பொக்கைவாயை வெச்சுக்கிட்டு எப்படி உக்காந்து சாப்பிடறது? அதான் டீ போதும்னேன்.”

“அப்போ… என்மேல கோபம் இல்லையாப்பா?”

“கோபமா? அது எப்பவோ போச்சு. எந்த முகத்தோட வர்றதுன்னுதான் தெரியலை.”

கோபம் இல்லை, பல்தான் இல்லை! அவளுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வருஷத்துப் பாரம் இறங்கி, அப்போதுதான் நன்றாக மூச்சு விட்டாள்.

கிளம்பும்போது அப்பா அவள் காதோரம் சொன்னார். “நல்லவேளை, மெத்துனு பண்ணியிருந்தே. மொறுமொறுன்னு வெச்சிருந்தா என் மானமே போயிருக்கும்.”

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். சமையலறையிலிருந்து கரக் முரக்கென்று சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். மாமனார் கையில் ஒரு டப்பா. அதில் சாஸ் படாத, மொறுமொறு சிக்கன். அகப்பட்டுக்கொண்டவர் அவசரமாக மென்று விழுங்கினார்.

“உனக்கும், வேலைக்குப் போயிருக்கிற என் பையனுக்கும்னு எடுத்து வெச்சதும்மா. ஒண்ணே ஒண்ணு ருசி பார்த்தேன்.”

“உங்களுக்குத்தான் கடிக்க முடியாதே மாமா?”

“மதியம் முடியலை. இப்ப முடியுது.”

அவளுக்கு ஏதோ பிடிபட்டது. “பல்லு விஷயத்தை அப்பா உங்ககிட்ட சொன்னாரா?”

“அவர் எங்கே சொன்னார்! நேத்து போன்ல உனக்குக் கோபமாக் கேட்டது, எனக்குப் பொக்கைவாயாக் கேட்டுதும்மா.”