எல்டிஐ ஆகாத நாள்

முந்தின நாள் ஆசிட் கொட்டிய வலது பாதம் கட்டுக்குள் விண்விண்ணென்று தெறித்தது. காலையில் கம்பெனி காரை வீட்டுக்கே அனுப்பித் தேசிங்கை ஏற்றிவந்து, வருகை பதியும் டைம் ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வராவிட்டால் அதற்கு எல்டிஐ என்று பெயர். எல்டிஐ ஒன்று ஆனாலும் வருடக் கடைசியில் பரிசாகத் தரும் குக்கர் பிளான்ட்டில் ஒருவருக்கும் கிடையாது. வந்து உட்கார்ந்துவிட்டால் கணக்கில் வராது.

“கார்ல வந்து எறங்குற, ராஜா வாழ்க்கைடா மாப்ள,” என்றான் கூட வேலை செய்யும் அந்தோணி.

“இந்தக் காலயும் சேத்து நீயே வச்சுக்க.”

சேப்டி ஆபீசர் எட்டிப் பார்த்தார்.

“சார், காலத் தூக்கி வச்சுப் படுக்கணுமாம். தொங்கப்போட்டா வெரலு தங்காதுன்னு டாக்டரு சொன்னாரு.”

“படுத்தா வேலைக்கு வந்ததா ஆகாதேப்பா.”

சொல்லிவிட்டு, காலி ஆசிட் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி அதன்மேல் வைத்தார். கட்டின் ஓரம் நனைந்திருந்தது. அந்தோணி பேச்சை விட்டுவிட்டு உள்ளே போனான்.

ஷிப்ட் விட்டதும் எல்லோரும் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் போனார்கள். தேசிங்கு படுத்திருக்க வேண்டிய ஒரு நாள் அவர்கள் அத்தனை பேரிடமும் பாக்கி.