வேன் பார்க்க வந்தவர்கள்

வந்தவர்கள் வேனுக்குள் ஏறிவிட்டார்கள். இனி வாயை அளந்துதான் திறக்க வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திருப்பூர்க்காரர்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். பையன் மெத்தையை அமுக்கிப் பார்த்தான். அடுப்பைத் திருகிப் பார்த்தான். அந்தப் பெண் மட்டும் எதையும் தொடவில்லை.

"மாசம் எவ்வளவுங்க ஆகும்?" என்று பையன் கேட்டான்.

"பதினெட்டாயிரம். ராஜாவாட்டம் இருக்கலாமுங்க" என்றான் வேனை விற்கிற அவள் புருஷன்.

டீசல் பத்து, சாப்பாடு ஆறு, மற்றது ரெண்டு. விரலை மடக்கி மடக்கிச் சொன்னான்.

அந்த மற்றது இருக்கிறதே!

டயர் அதில்தான் வந்தது. இன்சூரன்ஸ் அதில்தான் வந்தது. மலையேறும்போது கியர் பாக்ஸ் போனதும் அதில்தான். அவளுடைய கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியமும் அதில்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆனையைக் கட்டித் தீனி போட்டிருக்கலாம்.

கோயமுத்தூரில் வாடகை வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸ் பணம் முழுசாகக் கைக்கு வந்தது. அதைப் போட்டு வேனிலேயே குடியிருந்து ஊர் சுற்றலாம், மாதா மாதம் வாடகையும் மிச்சம் என்று அவன் கணக்குப் போட்டான். அவளும் தலையாட்டினாள். பொய் சொல்வானேன், அன்றைக்கு அவளுக்கும் சந்தோஷம்தான்.

அட்வான்ஸ் டீசலாகிப் போயிற்று.

இப்போது ஒரு வீட்டுக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் பத்து மாத வாடகையை முன்னால் வை என்கிறார்கள். கிளம்புவதற்கு அத்தனை கணக்குப் போட்டவர்கள், திரும்பி வருவதற்கு ஒரு கணக்கும் போடவில்லை.

வேன் இந்தப் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால், புங்க மரத்தடியில், ஒரு மாதமாக நிற்கிறது. ஓட்டக் காசில்லை. விட்டு இறங்கவும் காசில்லை.

புலி வாலைப் பிடித்த கதைதான். இன்னொரு கை வந்து பிடித்தால்தான் இந்தக் கையை எடுக்கலாம்.

அந்த இன்னொரு கை இப்போது ஜன்னலைத் திறந்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சூலூரில் ஒரு வீடு சொல்லி வைத்திருக்கிறாள். இரண்டே அறை. சமையலறையில் நிமிர்ந்து நிற்கலாம். இன்றைக்கு வேனுக்கு முன்பணம் வாங்கினால் நாளைக்கு அந்த வீட்டுச் சாவி.

கடவுளே, இவர்கள் வாங்கிவிட வேண்டும்.

ஆண்கள் இருவரும் இன்ஜினைப் பார்க்க இறங்கினார்கள். அந்தப் பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தாள்.

"என்ன வெயிலுங்க்கா."

"ஆமா கண்ணு."

பெண் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பாத்ரூமுக்கெல்லாம் எப்படிங்க்கா?"

எந்தப் பொம்பளைதான் இதைக் கேட்கமாட்டாள்? அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"அதுக்கென்ன கண்ணு, எல்லாப் பங்க்குலயும் இருக்குது."

பொய்யில்லை. இருக்கிறதுதான்.

டீசல் போடுகிறவர்களுக்குச் சாவி சிரித்துக்கொண்டே வரும். சும்மா நிற்கிற வேன்காரிக்கு "இன்னொரு தடவையா?" என்ற பார்வை முதலில் வரும், சாவி அப்புறம் வரும். விடிவதற்கு முன் ஒரு தரம் போவாள். இருட்டிய பிறகு ஒரு தரம். நடுவில் போகாமலிருக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. அந்த வழியில் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்து சுருண்டு கிடந்திருக்கிறாள். அந்த மருந்துச் செலவும் மற்றதில்தான் வந்தது.

"அப்பாடா! அது ஒண்ணுதாங்க்கா எனக்குப் பயமா இருந்துது."

பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. மீதித் தண்ணீரையும் அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். அவள் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பையனின் குரல் கேட்டது. "அப்ப முன்பணம் குடுத்துரட்டுங்களா?"

"தாராளமா குடுங்க. ஏம்புள்ள, ஆர்சி புக்கை எடுத்துட்டு வா!"

அவள் எழுந்து இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். வாசலுக்கு இரண்டு அடிதான். பெண் காலை ஒடுக்கி வழிவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

பாழாய்ப் போன மனசு. இவ்வளவு நேரம் கட்டி வைத்திருந்தாளே.

"தண்ணிய மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோணும் கண்ணு."

"ஏனுங்க்கா?"

அவள் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

பெண் அவளுடைய வெடித்த உதடுகளைப் பார்த்தாள். கையிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்று போயிற்று.

"மாமா, கொஞ்சம் இருங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினாள்.

அவள் ஆர்சி புக்கைப் பிடித்தபடி நடுவில் நின்றாள்.

தாங்கள் பேசுவது உள்ளே கேட்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண் வேன் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள்.