மூன்றாவது பெயர்

கேள்வியை மூடிவிட்டார்கள்.

அவள் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்கிற ஃபோரம் அது. போட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆறு பேர் பிடிக்கவில்லை என்று மைனஸ் போட்டிருந்தார்கள். கீழே ஒருவர், முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வரவும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மேலே அவள் எழுதிய வணக்கத்தையும் கீழே எழுதிய நன்றியையும் காணோம். யாரோ அழித்திருந்தார்கள். அங்கே அதுதான் வழக்கமாம். மரியாதை இடத்தை அடைக்கிறதாம்.

சரி, போகட்டும்.

அவள் கேட்டது இவ்வளவுதான். கிளினிக்கில் டோக்கன் வாங்கியவர்களை வரிசையாகக் காட்ட ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். ஒன்றாம் நம்பருக்கு அடுத்துப் பத்தாம் நம்பர் வந்து நின்றது. பிறகு பதினொன்று, பன்னிரண்டு. பத்தொன்பது வரை எல்லாரும் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் இரண்டாம் நம்பர்க்காரருக்கு வழி.

ஏன்?

தெரிந்தவருக்கு ஒரு வரி வேலை. அவளுக்குத் தெரியவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் சுலைமான் சாரிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக ஓடினால் அவள் புரோகிராமர். ஓடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி கீழ்த்தளம், காதில் ஹெட்செட்.

கீழ்த்தளத்தில் ஏழு வருடம் உட்கார்ந்து போனில் பதில் சொன்னவள். பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் கூப்பிடுவார்கள். முதல் ஆளுக்குச் சொன்ன மாதிரியேதான் நாற்பதாவது ஆளுக்கும் சொல்வாள். இதைப் போய்க் கேட்கிறீர்களே என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லலாம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

மூடியதற்கான காரணத்தையும் போட்டிருந்தார்கள். கேள்வி தெளிவாக இல்லை.

மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கேள்வியை மூடலாம். பிறகு யாரும் பதில் போட முடியாது. மூடிய மூவரின் பெயரும் கீழே வரும்.

முதல் பெயர் யாரோ.

இரண்டாவது பெயரும் யாரோ.

மூன்றாவது, பிரிட்டோ.

உலகத்தில் ஒரு பிரிட்டோவா இருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். பெயருக்குப் பக்கத்தில் இருந்த படம் விடவில்லை. ஆபீஸ் டூர் போனபோது கொல்லிமலை வளைவு ஒன்றில் நின்று எடுத்துக்கொண்டது. எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

பிரிட்டோ அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காலையில் முதலில் அவனிடம்தான் கேட்டாள்.

"நான் சொல்லிட்டா நீங்க கத்துக்க மாட்டீங்கக்கா. ஃபோரத்துல போடுங்க. எல்லாம் நல்லவங்க. நான் இருக்கேன்ல?"

இங்கிலீஷில் எழுத வராமல் அவள் திணறியபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு வரியை அவனே மாற்றி எழுதினான். முழுவதையும் ஒரு தடவை படித்தும் பார்த்தான்.

"சூப்பரா இருக்குக்கா. போடுங்க."

அதுதான் தெளிவாக இல்லையாம்.

முன்பின் தெரியாதவர்கள் ஆயிரம் சொல்லட்டும், துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். தினமும் அவள் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு தோசையை உரிமையோடு எடுத்துக்கொள்கிறவன் இவன். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன்.

திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

பிரிட்டோ பார்த்தான். காது சிவந்தது. ஹெட்போனைக் கழற்றினான்.

"மூடலாமான்னு எனக்கு ரிவ்யூவுக்கு வந்துச்சுக்கா. ரெண்டு பெரிய ஆளுங்க ஏற்கெனவே மூடச் சொல்லிட்டாங்க. அவங்க முன்னாடி நான் மட்டும் வேணாம்னு சொன்னா..."

திரையை அவள் பக்கமே திருப்பி வைத்தான்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா."

இப்போதாவது அந்த ஒரு வரியைச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். வெட்கக்கேடுதான். ஆனாலும் காத்திருந்தாள்.

அவன் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான்.

நாலு மணிக்கு சுலைமான் சார் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் ஓட்டிக் காட்டினாள். ஒன்று வந்தது. பத்து வந்தது.

சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"இது சின்ன விஷயம்மா. நம்பரை எழுத்தா நினைச்சு அடுக்குது, அவ்வளவுதான். யார்ட்டயாவது கேட்டிருக்கலாம்ல? பிரிட்டோ பக்கத்துலயே இருக்கான்."

அவள் பிரிட்டோவைப் பார்த்தாள்.

கேள்வியின் பக்கம் இன்னும் திறந்தபடிதான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் சாரின் கண் முன்னால் வந்து நிற்கும். அவள் கை மவுஸ் வரை போனது. அங்கேயே நின்றுவிட்டது. அவனே சொல்லட்டும். சொல்லிவிட்டால் போதும், இந்த வேலை போனால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள்.

"என்னப்பா, உன்ட்ட கேக்கலையா?" என்றார் சார்.

"கேட்டா சொல்லியிருப்பேனே சார்," என்றான் பிரிட்டோ.

சார் அவள் பக்கம் திரும்பினார்.

ஆமாம், கேட்கவில்லைதான் என்பதுபோல் அவள் தலையாட்டினாள். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோகத் தன் சார்ஜரைப் பிடுங்கினாள்.