சிவப்பு நூல்

காலை வெயில் பருத்தி இலைகளின் மேல் வழுக்கி ஓடுகிறது. ஆராய்ச்சிக்காரி வரிசை வரிசையாகக் குனிந்து இலைகளைப் புரட்டிப் பார்க்கிறாள். அடியில் வெள்ளை ஈக்கள் அப்பிக் கிடக்கின்றன. அவை கொண்டுவர வேண்டிய இலைச்சுருட்டு நோய்தான் இன்னும் வந்தபாடில்லை. வந்தால்தானே, இந்த மண்ணுக்கென்று அவள் உருவாக்கிய ரகம் அதைத் தாங்குமா என்று தெரியும். அதற்காகவே நோய்க்கு உடனே விழுந்துவிடும் பழைய ரகத்தைச் சுற்றிலும் நட்டு, யாரையும் மருந்தடிக்க விடாமல் காவல் காக்கிறாள். அந்தச் செடிகளோ அவளைக் கேலி செய்வதுபோல் தளதளவென்று நிற்கின்றன. நோய் கண்ட செடியில் கட்டுவதற்கான சிவப்பு நூலை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். களையெடுக்கும் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறாள். "ஊரே நோய் வரக்கூடாதுன்னு கும்பிடுது. நீங்க ஏம்மா இப்படிக் கிடந்து தவிக்கிறீங்க?" "வந்து தொலைஞ்சா நிம்மதியாத் தூங்குவேன்க்கா." சொல்லி வாய் மூடவில்லை, ஓர் இலை கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டிருப்பது கண்ணில் படுகிறது. புரட்டுகிறாள். நரம்புகள் தடித்திருக்கின்றன. வரிசையின் தொடக்கத்தில் ரகத்தின் பெயர் எழுதி நட்டிருக்கும் அட்டையைப் பார்க்கிறாள். அவளுடைய ரகம். பக்கத்தில் பழைய ரகம் நோய்நொடியில்லாமல் காற்றில் தலையாட்டுகிறது. அவள் நகம் இலைக்காம்பின் மேல் போய் உட்காருகிறது. ஒரு கிள்ளு போதும், யாருக்கும் தெரியாது. "என்னம்மா, வந்துடுச்சா?" நகம் விலகுகிறது. "வந்துடுச்சுக்கா" என்றபடி செடியைச் சுற்றி நூலைக் கட்டுகிறாள். முடிச்சு விழ மாட்டேன் என்கிறது.