நூறாவது விக்கெட்

லீக்கின் நாற்பதாம் ஆண்டு மலருக்காகப் பழைய ஸ்கோர் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார் எத்திராஜ். ஒரு ரன்கூடத் தப்பாகக் குறித்ததில்லை என்று பெயரெடுத்தவர். எதிரில் கஜபதி வந்து உட்கார்ந்தான். லீக்கிலேயே அவனைப்போல் வேகமாகப் பந்து வீசியவர் கிடையாது, விக்கெட் தொண்ணூற்றொன்பது.

"லாசர் செத்த மேட்ச்சை எடுண்ணா."

எடுக்காமலே எத்திராஜுக்குத் தெரியும். கஜபதியின் பந்து நெற்றிப்பொட்டில் பட்டு விழுந்த லாசர், ஆட்டோவிலேயே அடங்கிப்போனான். அவன் பெயருக்கு நேரே 'காயத்தால் விலகல்' என்று பென்சிலால் எழுதியது இவர்தான்.

"வுழும்போது ஸ்டம்ப்பைச் சாய்ச்சிட்டான்ணா. ரூல்படி ஹிட் விக்கெட். பவுலர் கணக்குலதான் வரணும்."

எத்திராஜுக்கு ஒரு பிடி கிடைத்தது. "அப்பீல் பண்ணாத்தான்டா அவுட்டு."

"பண்ணேனே. நீங்கள்லாம் அவனைத் தூக்கினு ஓடினீங்க. நான் அம்பயர் முன்னாடி நின்னு கேட்டுகினே இருந்தேன்."

"அவர் இன்னா சொன்னாரு?"

"அழுதுகினே விரலைத் தூக்கிட்டாருண்ணா."

எத்திராஜ் அந்த மேட்ச்சின் நோட்டை எடுத்து, லாசரின் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்தார். அத்தனை வருஷத்தில் தப்பாக எழுதிய ஒரே வரி. மேஜை இழுப்பறையைத் திறந்து ரப்பரைத் தேடினார்.